கிடைத்த வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போடலாமா?

கேள்வி: படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கண்ணில் படும் வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போடுகிறேன், பதிலே வருவதில்லை. எனக்கு எந்த வேலை பொருந்தும் என்றும் தெரியவில்லை. இப்படியே தொடர்வதா, நிறுத்தி யோசிப்பதா?

பதில்: அடியோடு நிறுத்த வேண்டாம். எண்ணிக்கையைக் குறைத்து, மிச்சமாகும் நேரத்தை வேலைகளைத் தெரிந்துகொள்வதில் செலவிடுங்கள்.

வேலை தேடும் விதங்களை உளவியலாளர்கள் மூன்றாகப் பார்க்கிறார்கள்: இன்ன வேலை என்று தீர்மானித்துத் தேடுவது, பல வாய்ப்புகளை விசாரித்துப் பார்த்துத் தேடுவது, கண்டபடி தேடுவது. 2005-இல் க்ராஸ்லியும் ஹைஹவுஸும் செய்த ஆய்வில், தீர்மானித்துத் தேடியவர்களுக்குத் தேடலிலும் கிடைத்த வேலையிலும் திருப்தி அதிகமாக இருந்தது. கண்டபடி தேடியவர்கள் நிலை நேர்மாறு. நீங்கள் இப்போது செய்வது மூன்றாவது வகை என்றுதான் நினைக்கிறேன். சோம்பலால் அல்ல, பதற்றத்தால்.

ஆனால் எந்த வேலை என்றே தெரியாதவர் எப்படித் தீர்மானிப்பது? பலரும் தன்னைத் தானே அலசுகிறார்கள், ஆளுமைத் தேர்வுகள் எழுதிப் பார்க்கிறார்கள். அது பாதிதான். மறுபாதி, அந்த வேலையில் நாள் முழுக்க என்ன நடக்கிறது என்று விசாரிப்பது. இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். வேலை இழந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஸிகிச், க்ளேஹே ஆகியோரின் 2006 ஆய்வில், இப்படி அலசித் திட்டமிட்டவர்களுக்குப் பிறகு கிடைத்த வேலை தரமானதாக இருந்தது.

அந்த வேலையில் இருப்பவரிடம் விசாரிக்கும்போது "வேலை எப்படிப் போகிறது?" என்று கேட்காதீர்கள். "பரவாயில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "நேற்று வேலைக்கு வந்ததும் முதலில் எதை எடுத்தீர்கள்? எதில் அதிக நேரம் போனது? புதிதாகச் சேருபவர் எதில் திணறுவார்?" என்று கேளுங்கள். அரைமணி நேரம் போதும். அப்புறம் அவர் சொன்ன அதே சொற்களில் உங்கள் பயோடேட்டாவைத் திருத்தி எழுதலாம்.

யாரிடம் கேட்பது? நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அரைகுறையாகப் பழகியவர்கள் வழியாகத்தான் புதுத் தகவல் வரும் என்று சமூகவியலாளர் மார்க் க்ரானவெட்டர் 1973-லேயே எழுதினார். லிங்க்ட்இன் பயனர்கள் சுமார் 2 கோடிப் பேரை வைத்து 2022-இல் வெளிவந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. அதிகம் உதவியவர்கள் ரொம்ப நெருக்கமானவர்களும் அல்ல, முற்றிலும் அந்நியர்களும் அல்ல, நடுவில் இருப்பவர்கள். பழைய சீனியர், பயிற்சியில் சந்தித்தவர் என்று தொடங்குங்கள். வேலை கேட்காதீர்கள், விவரம் கேளுங்கள், கூச்சமும் குறையும்.

இன்னொன்று, மனம் தளர்வது. வேலை தேடுபவர்களுக்கான பயிற்சிகள் பற்றிய 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை கிடைக்கும் சாத்தியம் பெறாதவர்களைவிடக் கணிசமாக அதிகம். ஆனால் தேடும் திறனோடு ஊக்கத்தையும் சேர்த்து வளர்த்த பயிற்சிகள்தான் பலன் தந்தன. எனவே தேடலில் இறங்கும் முன்பே எழுதி வையுங்கள்: "நிராகரிப்புக் கடிதம் வந்தால், அன்றே இன்னொருவருக்கு விவரம் கேட்டுச் செய்தி அனுப்புவேன்." கடிதம் வந்த பிறகு இதை யோசிக்கத் தெம்பு இருக்காது.

இரண்டு மூன்று வேலைகளைப் பற்றி இப்படி விசாரித்த பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு மட்டும் கவனமாக விண்ணப்பியுங்கள். பணநெருக்கடி இருந்தால் கிடைத்ததில் சேர்ந்துகொண்டே இதைச் செய்யலாம், தவறில்லை.