பதினாலு ரிஃப்ல எது ராஜா?
(வாசகர் கேள்வி பதில்)

பாலக்கோட்டுல இருந்து ஒரு வாசகர்: அண்ணா வணக்கம். நாங்க நாலு பேர், ரெண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், டிரம்ஸ், பாடுறதுக்கு ஆள் கிடையாது. 11 நிமிஷத்துக்கு ஒரு மெட்டல் டிராக் பண்ணி வெச்சிருக்கோம், டிராப் சி டியூனிங் (கம்பிய தளர்த்தி கீழ் ஸ்ட்ரிங்க 'சி' சுருதிக்கு எறக்குறது), மொத்தம் 14 ரிஃப் (கிட்டார்ல திரும்பத் திரும்ப வாசிக்கற சின்ன மெட்டு). தனித்தனியா வாசிச்சா எல்லாமே நல்லா இருக்கு, சேத்து வாசிச்சா எங்க இருக்கோம்னே தெரியல. நடுவுல 84 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 84 அடி) ஒரு கிளீன் பகுதி (கிட்டார் கரகரப்பு இல்லாம தெளிவா வர்ற எடம்), மத்ததெல்லாம் 120. கிளீன ஆரம்பத்துல போடலாம்னு ஒருத்தன், நடுவுலயே இருக்கட்டும்னு இன்னொருத்தன். டிரம்மர் கிளிக்கே (ரெக்கார்டிங்ல காதுல ஓடுற தாளச் சத்தம்) வேணாங்கிறான். அடுத்த மாசம் பெங்களூருல ரெண்டு நாளு ஸ்டூடியோ புக் பண்ணியாச்சு. எப்படி முடிவு பண்றது?

பதில்: தம்பி, கிளீன் முன்னாடியா நடுவுலயாங்கிறத அப்புறம் பாக்கலாம். மொதல்ல ஒரு கணக்கு போடு. 120ல ஒரு பார் (நாலு அடி) 2 செகண்ட், அப்போ நாலு பார் ரிஃப நாலு தடவ வாசிச்சா 32 செகண்ட் ஆகுது, 14 ரிஃபையும் ஒரு சுத்து வாசிச்சாலே ஏழரை நிமிஷம் போயிடுச்சு, அதுல ஒண்ணு கூட திரும்பி வரல. கேக்குறவன் ஏழரை நிமிஷமா புதுசு புதுசா கேட்டுட்டே இருக்கான், புடிச்சுக்க ஒரு கொம்பு இல்ல. பாட்டுன்னா பல்லவி திரும்பி வரும், வார்த்தை கையப் புடிச்சு கூட்டிட்டுப் போகும், உங்க டிராக்ல அந்த வேலைய ஒரு ரிஃப்தான் செய்யணும். அந்த ஒண்ணு எதுன்னு நீங்க இன்னும் முடிவு பண்ணலன்னு நெனைக்கிறேன்.

அத கண்டுபிடிக்க நான் பண்றது இதான். ரெண்டு நாளு யாரும் கிட்டாரத் தொடாதீங்க, டெமோவையும் கேக்காதீங்க. மூணாவது நாளு வண்டி ஓட்டறப்பவோ குளிக்கிறப்பவோ வாயில தானா எது வருதோ அத நாலு பேரும் தனித்தனியா ஃபோன்ல முனகி பதிவு பண்ணி கொண்டு வாங்க. மூணு பேராவது ஒரே ரிஃப முனகியிருந்தா அதான் ராஜா. வாசிக்க கஷ்டமான ரிஃப் ராஜா ஆகணும்னு எந்த அவசியமும் இல்ல.

இப்ப அத எங்க வெக்கிறது? நம்ம பக்கம் மகாபாரதத் திருவிழால ராத்திரி கூத்து பாத்திருப்ப இல்ல? துரியோதனன் வர்றப்ப நேரா வந்து நிக்க மாட்டான். ரெண்டு பேரு திரையப் புடிச்சிருப்பாங்க, பின்னாடி சலங்கை சத்தம் கேக்கும், குரல் கேக்கும், கிரீடத்தோட நுனி மட்டும் மேல தெரியும், தூங்கிட்டு இருந்த பசங்க கூட எழுந்து உக்காந்துக்குவாங்க, அப்புறம்தான் திரை விலகும். உன் ராஜா ரிஃபுக்கும் அப்படி ஒரு திரை வேணும் தம்பி. மொதல் நிமிஷத்துல அத டிஸ்டார்ஷனோட (கரகரப்போட) அடிக்காத. அதோட மொத நாலு நோட்ட மட்டும் பேஸ் தனியா வாசிக்கட்டும், இல்லன்னா கிளீன் கிட்டார்ல பாதி வேகத்துல வரட்டும். மூணாவது நிமிஷத்துல முழுசா எறக்கு. அது அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்கும், ஆனா மொகத்த அப்பதான் பாக்கறாங்க.

இங்கதான் உங்க சண்டையும் தீருது. கிளீன் பகுதி நடுவுலயே இருக்கட்டும், ஆனா அதுக்குள்ள ராஜா ரிஃபோட ஒரு துண்டு ஒளிஞ்சிருக்கணும். மெட்டாலிகாங்கிற அமெரிக்க மெட்டல் பேண்ட் 1986ல போட்ட ஓரியன்ங்கிற டிராக் எட்டரை நிமிஷத்துக்குப் பக்கமா ஓடும், ஒரு வார்த்தை பாட்டு கிடையாது. பேஸ் மெதுவா எழும்பி வருது, ரிஃப் உக்காருது, பாதி வழில எல்லாம் அடங்கி கிளிஃப் பர்ட்டனோட பேஸ் வேற ஒரு நடைய ஆரம்பிக்குது, அதுமேல கிட்டார் ஒண்ணு ஒண்ணா ஏறி கடைசில பழைய இடத்துக்கே திரும்புது. கையில பேப்பர் வெச்சுகிட்டு நிமிஷம் குறிச்சுக் கேளு, எத்தனை கம்மியான சரக்க வெச்சு அவ்வளவு தூரம் போறாங்கன்னு தெரியும்.

14ஐ எட்டு ஒம்பதா கொறைங்க. வலிக்கும், எனக்கும் வலிச்சிருக்கு. நாங்க ஒரு தடவ 13 நிமிஷ டிராக்க எதுவும் முடிவு பண்ணாம ஸ்டூடியோவுக்குக் கொண்டு போயி டிரம்ஸ் முழுசும் எடுத்துட்டோம், வீட்டுக்கு வந்து கேட்டப்பதான் ரெண்டு ரிஃப் வேண்டாம்னு தெரிஞ்சுது. வெட்டினா சிம்பலோட ரீங்காரம் பாதில அறுந்து நிக்குது, டிரம்மர் போட்ட ஃபில் (அடுத்த ரிஃபுக்குப் போறப்ப அடிக்கற உருட்டல்) இப்ப இல்லாத ரிஃபுக்கு வழி காட்டுது. அந்த டிராக் கடைசி வரைக்கும் வெளிய வரவே இல்ல, இன்னைக்கும் அத நெனச்சா வருத்தமாதான் இருக்கு. வெட்டறத பேப்பர்லயே வெட்டிடுங்க தம்பி. எடுத்துப் போட்ட ரிஃப அடுத்த டிராக்குக்கு வெச்சுக்கோங்க.

டிரம்மர் தம்பிகிட்ட சொல்லு, கிளிக்னா ஒரே வேகத்துல செக்கு சுத்தறது இல்ல. டெம்போ மேப் போடலாம், அதாவது எந்த எடத்துல எந்த வேகம்னு கிளிக்குக்கு முன்னாடியே சொல்லி வெக்கிறது, ராஜா ரிஃப் எறங்குற எடத்துல 120ஐ 123 ஆக்கலாம், நாலு பார்ல மெல்ல ஏத்தலாம். நாலு பேரும் ஒண்ணா ரூம்ல லைவா எடுக்குறதா இருந்தா அவன் சொல்றது நியாயம். ஆனா ரெண்டே நாள்ல, டிரம்ஸ் தனியா, கிட்டார் இடது வலதுன்னு டபுள் பண்ணணும்னா (ஒரே ரிஃப ரெண்டு தடவ வாசிச்சு சேக்கறது) கிளிக் இல்லாம மாட்டிப்பீங்க.

அப்புறம் அந்த 84. அத 80 ஆக்கிப் பாருங்க. 120ல மூணு எய்த் நோட் (ஒண்ணு அரை அடி) சேந்தா 0.75 செகண்ட், 80ல ஒரு அடியும் அதே 0.75 செகண்ட். அதனால 120லயே கடைசி மூணு பார்ல டிரம்மர் ரைட் (ride) சிம்பல மூணு மூணா பிரிச்சு அழுத்தி அடிச்சா, அந்த அழுத்தமே கிளீன் பகுதியோட தாளமா மாறிடும், வேகம் கொறஞ்சதே தெரியாது. திரும்பி ஏறறப்பவும் இதே வழிதான். தொப்பூர் எறக்கத்துல லாரிக்காரர் கியரக் கொறைச்சு எறங்கற மாதிரி, பிரேக்க மிதிச்சு நிறுத்தற மாதிரி இல்ல.

ஸ்டூடியோ போறதுக்கு முன்னாடி ரெண்டு கிட்டாரும் பேஸும் டெம்போ மேப்போட மொபைல்லயோ லேப்டாப்லயோ ஒரு ஸ்க்ராட்ச் (மாதிரிப் பதிவு) எடுங்க, தப்பு இருந்தா பரவால்ல. தர்மபுரி டு ஓசூர் பஸ்ல கண்ண மூடி ஒருத்தன் முழுசா கேக்கட்டும், எங்க ஃபோன எடுத்து மெசேஜ் பாக்கத் தோணுதோ அந்த நிமிஷத்த எழுதட்டும். அந்த எடத்துல இருக்கறத பாதியா கொறைங்க.

காவேரிப்பட்டணத்துல இருந்து இன்னொரு வாசகர்: டிராப் சில வாசிச்சா கீழ் ஸ்ட்ரிங் தொளதொளன்னு இருக்கு, டேக்குக்கு டேக் சுருதி மாறுது. என்ன பண்ணலாம்?

பதில்: 9-42 செட் (மெல்லிசான ஸ்ட்ரிங்) போட்டிருந்தா அதான் காரணம். 11-54 மாதிரி கனமான செட் போடுங்க, போட்டதும் ஆக்டேவ் சரியா வருதான்னு இன்டொனேஷன் பாத்துடுங்க, நட்டுல (கிட்டார் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற பள்ளத்துல) ஸ்ட்ரிங் சிக்குதான்னும் பாருங்க. புது ஸ்ட்ரிங்க ரெக்கார்டிங்குக்கு மொத நாளே மாட்டி நல்லா இழுத்து விட்டு செட்டில் ஆக விடுங்க. ஒவ்வொரு டேக்குக்கு முன்னாடியும் டியூனர பாக்கணும், அந்த ரிஃப்ல எவ்வளவு பலமா அடிப்பீங்களோ அதே அழுத்தத்துல அடிச்சு டியூன் பண்ணுங்க, மெதுவா தட்டி டியூன் பண்ணா வாசிக்கறப்ப சுருதி மேல போயிடும்.