புரதம் தவறாக மடிந்து இதயத்தில் படியும் நோய்க்கு மருந்து உண்டா? படிந்ததைக் கரைக்குமா?

உங்கள் வீட்டில் யாருக்கோ இப்போதுதான் இந்த நோய், அதாவது அமிலாய்டோசிஸ் என்று சொல்லியிருக்கிறார்கள் போல, அப்படி நினைத்துத்தான் எழுதுகிறேன். மருந்து உண்டு. ஆனால் டஃபாமிடிஸ் என்ற அந்த மருந்து படிந்ததைக் கரைக்காது, மேற்கொண்டு படிவதைத்தான் மட்டுப்படுத்தும். அதனால் நாள் கடத்தாதீர்கள்.

என் அப்பாவுக்கு வந்தது டிரான்ஸ்தைரெட்டின் வகை. கல்லீரலில் உண்டாகி, தைராய்டு ஹார்மோனைச் சுமந்து போகிற புரதம் அது. நான்கு துண்டுகள் சேர்ந்து ஒன்றாக இருக்கும். வயதான சிலருக்கு அவை பிரிந்து, தாறுமாறாக மடிந்து, நார் நாராக இதயச் சுவரில் படிகின்றன. டஃபாமிடிஸ் அந்த நான்கையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். 2018-ல் வெளியான ஆய்வில் 441 பேரை 30 மாதம் கவனித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 29.5 சதவீதம் பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 42.9 சதவீதம். நோய் முற்றாதவர்களுக்குத்தான் பலன் அதிகம். விலையும் சாதாரணமில்லை, 2019-ல் அமெரிக்காவில் வருடத்துக்கு 2,25,000 டாலர்.

அப்பாவுக்கு 68 வயதில் இரண்டு கையும் மரத்துப்போய் கார்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது) ஆபரேஷன் நடந்தது. அப்போதெல்லாம் பிட்ட இட்லி விரலில் நிற்காமல் தட்டிலேயே விழும். ஏழு வருடம் கழித்து கால் வீக்கம், மூச்சிரைப்பு. எக்கோவில் இதயச் சுவர் தடித்திருந்தது, பிபியால் என்றார்கள். அப்பாவுக்கு பிபியே கிடையாது! ஒன்றரை வருடம் அப்படியே போய்விட்டது. கடைசியில் ஒரு இளம் டாக்டர் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்துவிட்டு (இந்தப் புரதம் அங்கேயும் படியும்), ரத்தம், சிறுநீரில் லைட் செயின் என்ற இன்னொரு அமிலாய்டோசிஸ் வகை இல்லை என்று உறுதி செய்து (அதற்குச் சிகிச்சையே வேறு), எலும்பு ஸ்கேன் எழுதினார். படத்தில் விலா எலும்பைவிட இதயம் அழுத்தமாகத் தெரிந்தது, இந்த நோய்தான் என்று உறுதியானது. அதற்குள் மருந்து தொடங்கும் கட்டம் தாண்டிவிட்டது.

கார்பல் டனல் வந்த எல்லோருக்கும் ஸ்கேனா என்று டாக்டர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அறுபது தாண்டியவர், இரண்டு கையிலும் ஆபரேஷன், அப்புறம் காரணம் தெரியாமல் தடித்த இதயம், இது மூன்றும் சேர்ந்தால் கேளுங்கள் என்கிறேன். இன்னொன்று, புரத நோய் என்று கேட்டதும் சொந்தக்காரர்கள் முட்டை, பருப்பை நிறுத்தச் சொன்னார்கள். சாப்பிடும் புரதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு மாதம் வெறும் ரசம் சோறு சாப்பிட்டு அப்பா இன்னும் இளைத்ததுதான் மிச்சம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அந்த நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க அவரைக் கூட்டிப்போனேன். மெஷின் ஆறு தடவை கைரேகையை ஏற்கவில்லை. "நல்லா அழுத்தி வைங்க பெரியவரே" என்று அதட்டினார்கள். அழுத்துகிறோமா இல்லையா என்றே அவர் விரலுக்குத் தெரியாது. மறுபடி அடுத்த வாரம் வரச் சொன்னார்கள், மூச்சு வாங்க வாங்க வந்தார்.