உடம்பை அசைத்து விளையாடும் வீடியோ கேம் வாங்கலாமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். மகனுக்கு 12 வயது. பள்ளிக்கூடமும் ரியூசனும் போக மிச்ச நேரமெல்லாம் போன்தான். கனடாவில் இருக்கும் அண்ணா ஆவணி விடுமுறைக்கு வருகிறார். கையைக் காலை அசைத்து விளையாடும் வீடியோ கேம் ஒன்று கொண்டுவரட்டுமா, பிள்ளையின் உடம்புக்கும் நல்லது, மாமாவுக்கும் உதவும் என்கிறார். என் மாமனாருக்குப் போன வருடம் பாரிசவாதம் வந்தது, இடது கை இன்னும் சரியாக இயங்கவில்லை. கணவரோ, அந்தக் காசுக்குப் பெடியனுக்கு ஒரு சைக்கிளும் பந்தும் வாங்கலாம் என்கிறார். எதைச் செய்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மகனைப் பொறுத்தவரை உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. முதலில் சைக்கிளும் பந்தும். கேம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். ஆனால் அது மழைக்காலத்துக்கும், மாமாவுக்கும், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், உங்களுக்குமாக வரட்டும். பிள்ளையை ஓடவைக்கும் வேலையை அதன் தலையில் போடாதீர்கள். அந்த வேலை அதனால் ஆகாது.

ஏன் ஆகாது என்பதை டெனிஸ் கேமை வைத்தே பார்க்கலாம். கையில் பிடிக்கும் கன்ட்ரோலருக்குள் இரண்டு சின்னச் சென்சர்கள் இருக்கின்றன. ஒன்று கை எவ்வளவு வேகமாக வீசப்படுகிறது என்று பார்க்கும். மற்றது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கும். அவ்வளவுதான் அந்தக் கருவிக்குத் தெரியும். உங்கள் மகன் நிற்கிறானா, இருக்கிறானா, கால் மடக்கிச் சாய்ந்திருக்கிறானா என்பது அதற்குத் தெரியாது. டெனிஸில் உண்மையிலேயே களைப்பைத் தருவது பந்தைத் துரத்தி ஓடுவது. திரையில் அந்த ஓட்டத்தைப் பொம்மை தானாகவே ஓடிக்கொள்கிறது, பிள்ளைக்கு மிஞ்சுவது கைவீச்சு மட்டும். முதல் நாள் பிள்ளை துள்ளித் துள்ளி அடிப்பான், வியர்த்து வழியும், பார்க்கிற நமக்கும் சந்தோஷமாக இருக்கும். இரண்டாம் கிழமை போய்ப் பாருங்கள். செற்றியில் இருந்துகொண்டு, முழங்கையைத் தலையணையில் ஊன்றி, மணிக்கட்டை மட்டும் சுண்டிக்கொண்டிருப்பான். அதைச் சோம்பல் என்று ஏசாதீர்கள். எந்த விளையாட்டிலும் குறைந்த சிரமத்தில் வெல்லும் வழியைக் கண்டுபிடிப்பது கெட்டித்தனம்தான். இந்தக் கேமில் அந்த வழி செற்றியில் கொண்டுபோய் விடுகிறது.

இதை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். நின்டெண்டோ வீ என்ற கருவி 2006இல் வந்து உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்றது. மறு வருடமே இங்கிலாந்தின் லிவர்பூலில் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளை விளையாடவிட்டு, உடல் செலவழிக்கும் சக்தியைக் கணக்கிட்டார்கள். இருந்தபடியே ஆடும் கேமைவிடக் குறைந்தது 51 வீதம் கூடுதல் சக்தி செலவானது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் பிள்ளைகளுக்கு நாளாந்தம் தேவைப்படும் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கிற அளவுக்கு அது கடுமையானதல்ல என்றும் அதே ஆய்வு சொன்னது.

எண்ணாகவே சொல்கிறேன். சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியை 1 என்று வையுங்கள். திரைக் கோல்ஃப் ஏறத்தாழ 2. திரை டெனிஸ் 3. வீயின் விளையாட்டுத் தொகுப்பில் உச்சமான குத்துச்சண்டை 4 சொச்சம். வேகமாக நடந்தாலே கிட்டத்தட்ட 4 வந்துவிடும். மென்பந்துக் கிரிக்கெட் 5க்குக் கிட்ட, உண்மையான டெனிஸும் பொழுதுபோக்குக்கு ஆடும் உதைபந்தும் 7. டச்பே கடற்கரை மணலில் பந்தைத் துரத்தினால் கால் புதையப் புதைய இன்னும் கூடும். 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்காவது அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்பையும் தசையையும் வலுவாக்கும் விளையாட்டு கிழமைக்கு மூன்று நாளாவது அதில் இருக்க வேண்டும். திரை கோல்ஃபை எத்தனை மணி நேரம் ஆடினாலும் அந்த 60 நிமிடம் நிரம்பாது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்தது, 2012இல் வெளியானது. 9 முதல் 12 வயது வரையான 78 பிள்ளைகளுக்கு வீ கருவியைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு உடம்பை அசைத்து ஆடும் கேம்கள், மற்றப் பாதிப் பேருக்கு இருந்தபடி ஆடும் கேம்கள். அசைவை அளக்கும் கருவியை இடுப்பில் கட்டி 13 கிழமை பார்த்தார்கள். இரு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. கேமில் கொஞ்சம் அசைந்த பிள்ளை அன்று வேறெங்கோ அந்த அளவுக்கு அசைவைக் குறைத்துக்கொண்டிருக்கலாம், அல்லது செற்றி வித்தையைக் கற்றிருக்கலாம். எப்படியோ, வீட்டுக்குள் கருவி வந்ததால் மட்டும் பிள்ளைகள் சுறுசுறுப்பாகவில்லை.

இதில் இன்னொரு விஷயம் கண். பின்னேரம் வெளியே போகும் பிள்ளையின் கண்ணுக்கு வெளிச்சம் கிடைக்கிறது, தூரத்தைப் பார்க்கக் கிடைக்கிறது. சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூடுதலாக வைத்து மூன்று வருடம் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளில் 39.5 வீதமானோருக்குக் கிட்டப்பார்வை வந்தது, வெளியே போனவர்களில் 30.4 வீதம். எவ்வளவு துள்ளி ஆடினாலும் திரை திரைதான். போனிலிருந்து மகனைப் பிடுங்கி டிவிக்கு முன்னால் நிறுத்துவதை நான் பெரிய மாற்றமாகக் கருதவில்லை.

அப்புறம் மைதானத்தில் மட்டும் நடக்கிறவை இருக்கின்றன. யார் முதலில் துடுப்பெடுப்பது என்று சண்டை பிடித்து, அவுட்டா இல்லையா என்று வாதாடி, தோற்றும் மறுநாள் அதே பெடியன்களோடு போய் நிற்பது. கிளித்தட்டில் கோட்டைக் காக்கிறவனின் கண்ணைப் பார்த்து எந்தப் பக்கம் பாய்வான் என்று கணிப்பது. திரையில் தோற்றால் மீண்டும் தொடங்கு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மக்கெய்சர் மைதானத்தில் அது கிடையாது. 12 வயதில் ஒரு பிள்ளைக்கு இந்தப் பழக்கம் மிகவும் தேவை.

உங்கள் கணவரின் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்வேன். நீச்சல். மூன்று பக்கமும் கடலும் குடாவும் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு நீந்தத் தெரியாத பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். 2021 கார்த்திகையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை இழந்தோம். அந்த விபத்துக்குக் காரணம் வேறு, அதைப் பிள்ளைகளின் நீச்சலோடு முடிச்சுப் போடக் கூடாது. ஆனால் தண்ணீரைத் தாண்டித்தான் வாழ்கிறோம் என்பதை அந்தக் காலை நமக்கு மறக்க முடியாதபடி காட்டியது. வைகாசி முதல் புரட்டாசி வரை நம் பக்கக் கடல் அமைதி. தெரிந்த பயிற்றுநர் ஒருவரோடு, ஆழமில்லாத இடத்தில், கூட்டமாகக் கற்கட்டும். தனியாக விடாதீர்கள். கைவீச்சுச் சென்சர் எதுவும் தண்ணீரில் மிதக்கக் கற்றுத்தராது.

சரி, இனி கேம் எங்கே உதவும் என்று பார்ப்போம்.

முதலாவது மழை. ஐப்பசியில் தொடங்கினால் மார்கழி முடியும் வரை மைதானம் சேறு, கடல் கொந்தளிப்பு, ரியூசன் விட்டு வரும்போதே இருட்டு. அந்த நாட்களில் மைதானம் போட்டிக்கே வராது, போட்டி செற்றியோடும் போனோடும்தான். அங்கே கேம் வெல்லும். குத்துச்சண்டை, நடனம், வளையத்தை அமுக்கிக் குந்தி எழும்பி ஆடும் ரிங் ஃபிட் போன்றவற்றைத் தேடுங்கள். காலும் இடுப்பும் வேலை செய்தால்தான் பலன். கோல்ஃபும் பௌலிங்கும் பொழுதுபோக்கு, அவ்வளவே. ஆடும்போது எல்லோரும் எழும்பி நிற்க வேண்டும் என்று ஒரு சட்டம் போடுங்கள். வீட்டில் யாராவது எதிராக ஆடினால் பிள்ளை தானாகவே எழும்பிவிடுவான். தனியாக ஆடும்போதுதான் செற்றி இழுக்கும். கச்சான் காற்று அனலாக வீசும் மதியங்களிலும் ஆடட்டும், ஆனால் நாலரைக்குப் பிறகு கருவியை அணைத்துவிட்டு வெளியே அனுப்புங்கள். இருட்டும் வரையான அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டாவது மாமா. பாரிசவாதத்துக்குப் பிறகு கையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் மருந்து, அந்த அலுப்பான வேலையைக் கேம் சுவையாக்கும். ஆனால் அதைவிட மேலாக ஏதோ மந்திரம் அதில் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கனடா, ஆர்ஜென்டீனா, பெரு, தாய்லாந்து ஆகிய நாடுகளில், பாரிசவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருந்த 141 பேரை எடுத்தார்கள். வழமையான சிகிச்சையோடு பாதிப் பேர் வீ கேம் ஆடினார்கள், மற்றவர்கள் சீட்டு, டொமினோ, பிங்கோ போன்றவற்றை ஆடினார்கள். இரண்டு கிழமையில் பத்து முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இரு பக்கமும் முன்னேறினார்கள், இரு பக்கமும் ஒரே அளவு.

என்ன அருமையான செய்தி! மாமாவுக்கு இன்றைக்கே தொடங்கலாம், கனடாவிலிருந்து எதுவும் வரத் தேவையில்லை. பழைய கூட்டாளிகள் மூன்று பேரைக் கூப்பிட்டு 304 சீட்டாட்டம் போடச் சொல்லுங்கள். சீட்டைக் கலைப்பதும், பகிர்வதும், ஒவ்வொன்றாக உருவி எடுப்பதும் இடது கைக்குத் தரும் வேலை சாதாரணமானதல்ல. முதலில் சீட்டு நழுவி விழும், விழட்டும், அவரே குனியாமல் பேரன் எடுத்துக் கொடுக்கட்டும். கரம் பலகை இருந்தால் அதில் காய்களை அடுக்குவதை இடது கையிடம் விடுங்கள். கேம் வந்த பிறகு பேரனும் அவரும் சேர்ந்து ஆடினால் இன்னும் நல்லது, ஆனால் கைப்பிடி உள்ள உறுதியான கதிரையில் இருத்தி ஆடவிடுங்கள். நின்று ஆடுவதென்றால் முதலில் அவரைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள், ஆடும்போது ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே கை வீசும்போது சமநிலை தவறுவது எளிது, இந்த வயதில் ஒரு விழுகை போதும் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ள. இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாத நாளில் ஆட வேண்டாம்.

மூன்றாவது நீங்கள். கடிதத்தில் எல்லோரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள், உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும். வேலை, சமையல், மாமாவைப் பார்ப்பது எல்லாம் முடிய இருட்டிவிடும், இருட்டிய பிறகு தெருவில் வேகமாக நடக்கும் பெண்ணை நம் ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். மைதானம் மகனுக்குத் திறந்திருக்கிற மாதிரி உங்களுக்குத் திறந்திருக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, ஹோலில், யார் பார்வையும் படாமல் அரை மணி நேரம் வியர்க்க ஆடுவதற்கு இந்தக் கருவி நல்ல வழி. அதனால் அதிகம் பயன் பெறப்போவது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். வெட்கப்படாமல் உங்களுக்கென்றே கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மணிக்கணக்கில் ஆட வேண்டாம். 2007இல் ஸ்பெயினில் 29 வயது மருத்துவர் ஒருவர் வீ டெனிஸைப் பல மணி நேரம் ஆடித் தோள்பட்டைத் தசைநார் வீங்கி அவதிப்பட்டது மருத்துவ இதழிலேயே வந்தது. உண்மையான மட்டைக்குக் கனம் இருக்கிறது, கை சீக்கிரம் களைத்து நிறுத்தச் சொல்லும். கன்ட்ரோலருக்குக் கனமில்லை, அடிக்கப் பந்துமில்லை, வெறும் காற்றில் வீசுவது தெரியாமலே கூடிவிடும். அரை மணி நேரத்தில் ஓர் இடைவெளி, கையை மாற்றிப் பிடிப்பது, மணிக்கட்டுப் பட்டியைக் கட்டுவது. கடைசியாகச் சொன்னது டிவியைக் காப்பாற்றும்.

இனி அண்ணாவுக்கு என்ன எழுதுவது? வீக்குப் பிறகு வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கருவி என்றால் அதில் லைட் என்ற சிறிய வகை வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை டிவியில் பொருத்த முடியாது, கன்ட்ரோலரையும் கழற்ற முடியாது, உடம்பை அசைத்து ஆட அது உதவாது. மலிவாகக் கிடைக்கிறதென்று, உடம்பின் அசைவைப் பார்க்கும் பழைய கினெக்ட் கேமராவை வாங்க வேண்டாம். அதன் உற்பத்தி 2017இலேயே நின்றுவிட்டது, ஒருவர் ஆடவே டிவியிலிருந்து ஏறத்தாழ 6 அடி தள்ளி நிற்க இடம் வேண்டும். பழைய வீ தருகிறார் என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். கனடாவில் விற்ற வீயின் அடப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும். ஸ்விட்சின் அடப்டர் 100 முதல் 240 வரை தாங்கும், செருகியின் முனைக்கு மட்டும் ஒரு மாற்றி வேண்டும், அதை ஊரில் எந்த மின்சாதனக் கடையிலும் வாங்கலாம்.