உச்சுக் கொட்டினால் 'இல்லை' என்று பொருளா?

கேள்வி: என் மகன் வேலை நிமித்தமாக இஸ்தான்புல் நகரில் தங்கியிருக்கிறான். அங்கே கடையில் ஒரு பொருள் இருக்கிறதா என்று கேட்டால், சில கடைக்காரர்கள் புருவத்தை உயர்த்தி, நாக்கினால் 'ச்சு' என்று ஒலியெழுப்பிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார்களாம். துயரச் செய்தி கேட்டு நாம் உச்சுக் கொட்டுகிறோமே, அதே ஒலிதான் என்கிறான். அவர்கள் பரிதாபப்படுகிறார்களா, சலித்துக்கொள்கிறார்களா? இத்தகைய ஒலிகளில் எல்லா மொழியினருக்கும் பொதுவானது ஏதேனும் உண்டா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் இல்லை. துருக்கி மொழியில் அந்த ஒலி 'இல்லை' என்னும் விடை. அதில் இரக்கமோ அலட்சியமோ இருக்க வேண்டியதில்லை. புருவமும் சேர்ந்து உயர்வது அவ்விடையின் ஒரு பகுதி. கிரேக்கர்களிடமும், லெபனான், சிரியா போன்ற அரபு நாட்டினரிடமும் இதே வழக்கம் இருக்கிறது. ஆகவே தங்கள் மகன் அதை அவமதிப்பாகக் கொள்ளாமல் அடுத்த கடையில் கேட்கலாம்.

நாக்கின் நுனியை மேற்பற்களின் பின்புறத்தில் ஒட்டி, பின்நாக்கை அண்ணத்தில் பொருத்தி, இடையில் அடைபட்ட காற்றை உள்ளிழுத்தபடி நுனியைச் சட்டென்று விடுவித்தால் இவ்வொலி பிறக்கிறது. வாய் செய்யும் வேலை எங்கும் ஒன்றே. பொருளை ஒவ்வொரு சமூகமும் தானே வகுத்துக்கொள்கிறது. ஆங்கிலேயர் இதை இரண்டு மூன்று முறை அடுக்கினால் பெரும்பாலும் கண்டிக்கிறார்கள் என்று பொருள். நாம் அடுக்கினால் அது இரக்கம். ஒரே ஒருமுறை ஒலித்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் சலிப்பு. நம் எழுத்தில் இதற்கென்று வரிவடிவம் இல்லாததால், கதாசிரியர்கள் முன்னதை 'த்சொ த்சொ' என்றும் பின்னதை 'ப்ச்' என்றும் எழுதி ஒருவாறு சமாளிக்கிறார்கள். "வேலை கிடைத்ததா?" என்ற கேள்விக்கு நாமும் 'ப்ச்' என்று விடை சொல்வதுண்டு என்பதைக் கவனிக்க வேண்டும், ஆனால் அதில் 'இல்லை' என்பதோடு ஏமாற்றமும் கலந்திருக்கும். துருக்கியரின் ஒலியில் அந்த ஏமாற்றத்திற்கு இடமில்லை.

இதே ஒலியைச் சற்று மாற்றி, பற்களுக்கிடையே காற்றை நீளமாக உறிஞ்சினால், மேற்கு ஆப்பிரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் அது எரிச்சலையோ இகழ்ச்சியையோ காட்டும். குடியேறிய மக்களோடு அவ்வழக்கம் பிரான்சுக்கும் சென்றது. அங்கே சில பள்ளிகள் மாணவர்கள் அவ்வாறு ஒலிப்பதைத் தடை செய்தது 2015இல் விவாதப் பொருளாயிற்று. தென்னாப்பிரிக்காவின் சூலு, கோசா மொழிகளிலோ நாம் உச்சுக் கொட்டும் ஒலி உணர்ச்சிக் குறிப்பே அன்று. நமக்குக் ககரம், சகரம் போல அவர்களுக்கு அது ஒரு மெய்யெழுத்து. அண்டையில் வாழ்ந்த கோய்சான் மொழியினரிடமிருந்து அவர்கள் பெற்றது அது. ஒரு மொழியில் பெருமூச்சுக்கு நிகரானது இன்னொரு மொழியில் சொற்களை ஆக்கும் உறுப்பாக நிற்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

தங்கள் இரண்டாவது கேள்விக்கு, பொதுமைக்கு மிக அருகில் வரும் ஒலி ஒன்று உண்டு என்பதே விடை. ஒருவர் சொன்னது சரியாகக் காதில் விழாதபோது நாம் "ஆங்?" என்கிறோம் அல்லவா? நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் டிங்கமான்சே, பிரான்சிஸ்கோ டொரெய்ரா, நிக் என்ஃபீல்ட் ஆகியோர் ஒன்றோடொன்று தொடர்பற்ற மொழிகள் உட்படப் பத்து மொழிகளின் இயல்பான உரையாடல்களை ஒப்பிட்டு, இந்தக் கேள்வியொலி எங்கும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருப்பதாக 2013இல் வெளியிட்டார்கள். ஓரசை, எளிதில் எழும் ஓர் உயிரொலி, வினாவுக்குரிய குரல், அவ்வளவே அதன் அமைப்பு. உரையாடலில் காலம் தாழ்த்தாமல் உடனே கேட்டாக வேண்டிய நெருக்கடியே எல்லா மொழிகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு சேர்த்தது என்பது அவர்கள் தரும் விளக்கம். எனக்கும் அதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

ஆயினும் அதுவும் வெறும் இயற்கை ஒலியன்று. குழந்தைகள் தத்தம் மொழியின் உயிரொலியோடும் குரல் ஏற்ற இறக்கத்தோடும் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். ஸ்பானியர் "ஏ?" என்றும் சீனர் "ஆ?" என்றும் குரலை உயர்த்திக் கேட்க, ஐஸ்லாந்துக்காரர் "ஹா" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். அவர் மொழியில் வினாக்கள் பொதுவாக இறங்கு குரலில் முடிவதால் இதுவும் அப்படி முடிகிறது. நம் செவிக்கு அது கேள்வியாகவே படாமல் போகலாம்.