உடல் கொதித்தால் எல்லாம் காய்ச்சல் ஆகிவிடுமா?

(மூளையின் அடித்தளம் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்)

கேள்வி: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கேட்கிறது. கடும் வெயிலில் மயங்கி விழுந்தவருக்கு உடம்பு அதைவிட அதிகமாகக் கொதித்தாலும் அந்த மாத்திரை வேண்டாம் என்கிறார்களே, ஏன்?

பதில்: மூளையின் அடியில் இருக்கும் சிறு பகுதி ஹைப்போதலாமஸ். அதன் முன்பக்கத்தில் பிரியாப்டிக் பகுதி என்று ஒன்று உண்டு. உடல் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்ற இலக்கை வைத்திருப்பது அதுதான். சாதாரணமாக 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். கிருமி புகுந்தால் வெள்ளணுக்கள் விடும் வேதிப்பொருள்கள், மூளை இரத்தக் குழாய்ச் சுவரில் புரோஸ்டாகிளாண்டின் இ2 உருவாகச் செய்கின்றன. அது பிரியாப்டிக் நியூரான்களைத் தொட்டதும் இலக்கு 39-க்கு ஏறிவிடுகிறது. உடல் இன்னும் 37-இல்தான் நிற்கிறது. இலக்கோடு ஒப்பிட்டால் அது குளிர்! அதனால்தான் கைகால் சில்லிட்டுப்போகிறது, பல் கிட்டுகிறது, போர்வை கேட்கிறது. பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்ததும் இலக்கு இறங்கும், வியர்த்துக் கொட்டும், சூடு தணியும்.

வெயிலாலோ கடும் உழைப்பாலோ உடல் கொதித்து விழும் ஹீட் ஸ்ட்ரோக்கில் கதையே வேறு. இலக்கு 37-ஐ விட்டு நகரவே இல்லை. வெளியேற்ற முடிந்ததைவிட அதிக வெப்பம் உடலில் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இறக்குவதற்கு, ஏறிய இலக்கு ஏதும் இல்லாதபோது மாத்திரை எதை இறக்கும்? ஏற்கெனவே வெப்பத்தால் அடிபட்டிருக்கும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை. ஆஸ்பிரின் இன்னும் மோசம், இரத்தக் கசிவைத் தூண்டும்.

உடல் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சில் குழப்பமோ வலிப்போ மயக்கமோ வந்தால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே கொள்ளுங்கள். வியர்வை இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். கடுமையாக உழைத்து விழுந்தவருக்கு உடல் நனைந்தே இருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலுக்கு நகர்த்தி, ஆடையைத் தளர்த்திக் களையுங்கள். உழைப்பால் விழுந்த இளவயதினரைக் கழுத்துவரை குளிர்ந்த நீரில் இருத்துவதே மிக வேகமான வழி. தலையை ஒருவர் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். அது முடியாவிட்டால் உடலெங்கும் நீரூற்றி விடாமல் விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் பொதிகளை வைக்கலாம். அரை மணி நேரத்துக்குள் உட்சூட்டை 39 டிகிரிக்கு அருகே கொண்டுவந்துவிட வேண்டும்; அந்த அளவில் நிறுத்தாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

பலரும் செய்யும் தவறு, ஈரத் துணியைச் சுற்றிவிட்டுச் சும்மா இருப்பது. சற்று நேரத்தில் துணி உடல் சூட்டுக்கே வந்துவிடும். காற்றுப் படாமல் ஆவியாதலும் நின்றுபோகும். நினைவு தெளியாதவர் வாயில் நீர் புகட்டவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

கேள்வி: என் அப்பாவுக்குப் பிட்யூட்டரி கட்டி அகற்றினார்கள். மறுநாளிலிருந்து தினமும் எட்டு லிட்டர் சிறுநீர் போகிறது. சர்க்கரை நோய் இல்லையாம். பிறகு ஏன்?

பதில்: நீரைச் சேமிக்கச் சொல்லும் வாசோபிரெஸின் ஹார்மோன் பிட்யூட்டரி சுரப்பியில் உருவாவதில்லை. ஹைப்போதலாமஸின் சூப்ராஆப்டிக், பாராவென்ட்ரிகுலர் கருக்களில் (நரம்பணுத் தொகுதிகளில்) உருவாகி, நரம்பிழைகள் வழியே, பிட்யூட்டரியை ஹைப்போதலாமஸோடு இணைக்கும் காம்பைக் கடந்து, பின்பிட்யூட்டரியில் சேமிக்கப்படுகிறது. அறுவையில் காம்போ அந்த நரம்பு முனைகளோ அதிர்ந்தால் ஹார்மோன் வெளிவராது. சிறுநீரகம் நீரை மீட்காமல் விட்டுவிடும். இதன் பழைய பெயர் டயபடீஸ் இன்சிபிடஸ். பெயரைப் பார்த்துச் சர்க்கரை நோய் என்று நினைத்த சிகிச்சைக் குழப்பங்களால், 2022-இல் வாசோபிரெஸின் குறைபாடு என்று மாற்றப் பரிந்துரைத்தார்கள். நியாயமான மாற்றம்.

அதிகம் எச்சரிக்க வேண்டியது அடுத்த வாரத்தைத்தான். சிலருக்கு, தோராயமாக ஐந்தாம் நாளை ஒட்டி, சிதைந்த நரம்பு முனைகளில் தேங்கிய ஹார்மோன் மொத்தமாகக் கசியும். சிறுநீர் சட்டென்று குறையும். 'சரியாகிவிட்டது' என்று மகிழ்ந்து பழையபடியே லிட்டர் கணக்கில் குடித்தாலோ, வாசோபிரெஸினுக்குப் பதிலாகத் தரும் டெஸ்மோபிரெஸின் மருந்தை அதே அளவில் தொடர்ந்தாலோ இரத்தத்தில் சோடியம் சரிந்துவிடும். தலைவலி, வாந்தி, குழப்பம், பிறகு வலிப்பு. சேமிப்பு தீர்ந்த பின் சிலருக்கு நீர் போவது மீண்டும் தொடங்கி நிலைத்துவிடும்.

எனவே குடிப்பதையும் சிறுநீரையும் அளந்து நேரத்துடன் எழுதுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். சோடியம் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சிறுநீர் அதிகம் போகும் நாளில் 'குடித்தால்தானே போகிறது' என்று தண்ணீரை மறுப்பது ஆபத்து; தாகத்துக்குக் குடிக்கட்டும். அளவு திடீரென்று குறைந்தால் அடுத்த மருந்தைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: ஒரு பாடநூல் ஹைப்போதலாமஸை லிம்பிக் மண்டலத்தில் சேர்க்கிறது, இன்னொன்று தனியாக வைக்கிறது. தேர்வில் எதை எழுதுவது?

பதில்: இருப்பிடம் கேட்டால் இடைமூளை, தலாமஸுக்குக் கீழே, எடை சுமார் 4 கிராம் என்று எழுதுங்கள். செயல் கேட்டால் லிம்பிக்கின் கூட்டாளி. லிம்பிக் மண்டலம் என்பது உணர்ச்சி, நினைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளின் தொகுப்பு; கத்தியால் பிரித்தெடுக்கக்கூடிய உறுப்பு அல்ல. 1878-இல் பால் புரோக்கா மூளைத்தண்டைச் சுற்றிய விளிம்புப் புறணிக்கு (புறணி என்பது மூளையின் மேலடுக்கு) அந்தப் பெயரை வைத்தார். 1937-இல் ஜேம்ஸ் பேப்பெஸ் உணர்ச்சிக்கான சுற்று ஒன்றை முன்வைத்தார்: ஹிப்போகேம்பஸ் (நினைவைப் பதிக்கும் பகுதி), ஃபார்னிக்ஸ், மாமில்லரி உருண்டைகள், தலாமஸின் முன்கரு, சிங்குலேட் புறணி, திரும்ப ஹிப்போகேம்பஸ். இதில் மாமில்லரி உருண்டைகள் ஹைப்போதலாமஸின் பின்முனை. 1952-இல் பால் மக்லீன் பட்டியலை விரித்தார். வேடிக்கை என்னவென்றால், உணர்ச்சிக்கென்று வரைந்த அந்தச் சுற்று நினைவுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. வைட்டமின் பி1 குறைந்து மாமில்லரி உருண்டைகளும் தலாமஸும் சிதைந்தவர்களுக்கு முதலில் போவது புதிய நினைவுகள்.

கேள்வி: ஒரு வாசனை பட்டதும் சிறுவயது நினைவு வருவது ஏன்?

பதில்: மற்றப் புலன்கள் தலாமஸில் நின்று, பிறகே புறணிக்குப் போகின்றன. மணம் அங்கே நிற்பதில்லை. மூக்குக்கு மேலுள்ள முகர்குமிழிலிருந்து நேராக முகர்புறணிக்கும், பயம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவுக்கும் போகிறது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் அமிக்டலாவுக்கு அடுத்த வீடு.

கேள்வி: அமிக்டலா இல்லாவிட்டால் பயமே வராதா?

பதில்: அமிக்டலா இருபுறமும் சிதைந்தவர்கள் பாம்பைக் கண்டோ மிரட்டலைக் கேட்டோ அஞ்சாமல் இருந்தது உண்மை. ஆனால் 2013-இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட மூவரை 35 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒருமுறை சுவாசிக்கச் செய்தபோது, மூவருமே மூச்சுத் திணறி, முகமூடியைப் பிய்த்தெறியும் அளவுக்குப் பீதியடைந்தார்கள்.