ராட்கோ டிமிட்ரியெவ்: கேள்வி பதில்

பல்கேரியத் தளபதி ராட்கோ டிமிட்ரியெவ் (1859–1918) பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கல்லூரி மாணவி: அவருக்கு ரஷ்யாவின் மேல் அவ்வளவு பற்று எப்படி வந்தது?

அவர் பிறந்தபோது பல்கேரியா ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. 1876 ஏப்ரல் எழுச்சி ரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்டபோது அவருக்கு வயது பதினாறு. அடுத்த ஆண்டே ரஷ்யப் படை டான்யூபைக் கடந்து வந்து அவருடைய மக்களை மீட்டது. அந்த வயதில் அதைக் கண்டவர் வாழ்நாள் முழுவதும் மறப்பாரா? அதன்பின் உயர் ராணுவக் கல்வியையும் பீட்டர்ஸ்பர்க்கில்தான் பெற்றார்.

ஓய்வுபெற்ற ராணுவ வீரர்: 1885 போரைக் 'கேப்டன்களின் போர்' என்கிறார்களே, ஏன் ஐயா?

அந்த ஆண்டு, ஒட்டோமான் பேரரசின் கீழ் தன்னாட்சி மாகாணமாக இருந்த கிழக்கு ருமேலியா பல்கேரியாவுடன் இணைந்தது. அதில் கோபம் கொண்ட ரஷ்யப் பேரரசர் பல்கேரியப் படையிலிருந்த தம் அதிகாரிகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார். மூத்தவர்கள் இல்லாத படையை இளம் கேப்டன்களே நடத்தி, இணைப்பை எதிர்த்துப் படையெடுத்து வந்த செர்பியாவை ஸ்லிவ்னிட்சாவில் தோற்கடித்தார்கள். டிமிட்ரியெவும் அவர்களில் ஒருவர். ஆனால் 1886இல், தாம் யாருக்காகப் போரிட்டாரோ அந்தப் பல்கேரிய இளவரசர் அலெக்சாந்தரையே கவிழ்த்த சதியில் சேர்ந்தார். சதி சில நாட்களில் முறிந்தது. நாட்டைவிட்டு ஓடி ரஷ்யப் படையில் பணியாற்றியவர், 1898இல்தான் திரும்பினார்.

பள்ளி ஆசிரியர்: 1912இல் அவரை ஐரோப்பாவே புகழ்ந்ததாமே?

ஆமாம், முதலாம் பால்கன் போரில். துருக்கியர் பல்கேரியரின் பெருந்தாக்குதலை அட்ரியானோப்பிள் பக்கம் எதிர்பார்த்தார்கள். டிமிட்ரியெவின் மூன்றாம் படையோ மறைவாகத் திரண்டு கிழக்கே இறங்கியது. அக்டோபர் 24இல் துருக்கியரின் கிர்க் கிலிஸ்ஸே நகரம் விழுந்தது. நான்கே நாளில் லுலெ புர்காஸ் போர் தொடங்கியது. பக்கத்தில் வந்த முதலாம் படைக்காகக் காத்திராமல் அவர் தாக்கினார். வென்றார், ஆனால் பல்கேரியருக்கு ஏறத்தாழ 20,000 பேர் இழப்பு. அங்கேயே அவருடைய பலமும் பலவீனமும் தெரிந்துவிட்டன என்பேன்.

நவம்பர் 17இல் இஸ்தான்புல்லுக்கு முன்னிருந்த சடல்ஜா அரண் வரிசை மீது மோதினார். சிப்பாய்கள் களைத்திருந்தார்கள், காலரா பரவியிருந்தது. துருக்கியர் ஏற்கெனவே போர்நிறுத்தம் கேட்டிருந்தார்கள்! மன்னர் பெர்டினாந்துக்குத் தலைநகரின் மேல் ஆசை, தளபதிக்கோ பொறுமை இல்லை. இரண்டு நாளில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போனார்கள். அந்த உத்தரவை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதே ஆசிரியர்: அடுத்த ஆண்டு நடந்த இரண்டாம் பால்கன் போர்?

முந்தைய கூட்டாளிகளான செர்பியா, கிரீஸுடன் மூண்ட அந்தப் போர் தொடங்கிய சில நாட்களில் தலைமைத் தளபதி சாவொவை நீக்கிவிட்டு இவரிடம் பொறுப்பைத் தந்தார்கள். ருமேனியாவும் துருக்கியும்கூடப் படையெடுத்து வந்தபின் யார் இருந்தும் பயனில்லை.

இன்னொரு வாசகர்: 1914இல் எதிரிப் படையில் சேர்ந்தவரைத் துரோகி என்று சொல்லக் கூடாதா?

காலவரிசையைக் கவனியுங்கள். அப்போது அவர் பீட்டர்ஸ்பர்க்கில் பல்கேரியத் தூதர். போர் மூண்டதும் பதவியை விட்டு ரஷ்யப் படையில் சேர்ந்தார். அன்று பல்கேரியா நடுநிலை நாடு. அது ஜெர்மனியின் பக்கம் போனது 1915 அக்டோபரில். அதன்பின்னும் அவர் ரஷ்யச் சீருடையைக் கழற்றவில்லை என்பது உண்மை. பதினாறு வயதில் முளைத்த நம்பிக்கையை அவர் விடவில்லை, அவருடைய நாடு விட்டுவிட்டது. துரோகி என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன்.

ஓய்வுபெற்ற வீரர்: 1915இல் ரஷ்யருக்கு நேர்ந்த கோர்லிச்சே தோல்விக்கு அவர்தானே காரணம்?

பாதிப் பழிதான் அவருடையது. 1914இல் போதிய கனரக பீரங்கி இல்லாமல் ஆஸ்திரியரின் ப்ஷெமிஸ்ல் கோட்டை மீது ஆட்களை ஏவியது அவருடைய பழைய பிழையேதான். ஆனால் 1915 மே 2இல் ஜெர்மன் தளபதி மாக்கென்சனின் குண்டுமழை இறங்கியபோது ரஷ்யரிடம் குண்டுகளே பற்றாக்குறை. மேலிடத்தின் கண் கார்பேத்திய மலைகளில் இருந்தது. ஒரே வாரத்தில் அவர் நடத்திய ரஷ்ய மூன்றாம் படை பெரும்பகுதியை இழந்தது. பின்னர் ரிகா முனையில் பன்னிரண்டாம் படையை நடத்தினார்.

மாணவி: அவர் முடிவு எப்படி அமைந்தது?

புரட்சிக்குப்பின் காகசஸ் பகுதிக்குப் போனார். 1918இல் பியாட்டிகோர்ஸ்க் நகரில் போல்ஷெவிக்குகள் அவரைப் பணயக்கைதியாகப் பிடித்துக் கொன்றார்கள். அவருடன் கொல்லப்பட்டவர்களில் ரஷ்யத் தளபதி ரூஸ்கியும் ஒருவர். 1914இல் ரஷ்ய மூன்றாம் படையை டிமிட்ரியெவ் ஏற்றது அவரிடமிருந்துதான்.