ஜாவாவிலிருந்து கிளப்பிவிடும் ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் வெளி நிரல்கள்): கேள்வி பதில்

கேள்வி: எஃப்எஃப்எம்பெக்கை ஜாவாவிலிருந்து ஓடவிட்டு வீடியோ மாற்றுகிறேன். சின்ன வீடியோ சரியாக முடிகிறது. பெரியது கொடுத்தால், அது முடியும்வரை காத்திருக்கும் வெயிட்ஃபார் வரியிலேயே நின்றுவிடுகிறது. டெர்மினலில் அதே கட்டளை நன்றாக ஓடுகிறது அண்ணா.

பதில்: எஃப்எஃப்எம்பெக் தன் செய்திகளை, வழக்கமான வெளியீட்டிலிருந்து தனியாக இருக்கும் எரர் ஸ்ட்ரீமில்தான் எழுதும். அது உங்கள் நிரலுக்கு ஒரு பைப் (ப்ராசஸ்களுக்கு இடையே தரவு போகும் குழாய்) வழியாக வருகிறது. லினக்ஸில் அந்த பைப் வழக்கமாக 64 கிலோபைட்தான் கொள்ளும். நீங்கள் படிக்காவிட்டால் நிரம்பிவிடும். மேலே எழுத முடியாமல் அது காத்திருக்க, அது முடியட்டும் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். சின்ன வீடியோவுக்கு அந்த அளவு எட்டுவதில்லை, அவ்வளவுதான்.

வெளி நிரலைத் தொடங்க உதவும் ஜாவா வகுப்பான ப்ராசஸ்பில்டரில் ரீடைரக்ட்எரர்ஸ்ட்ரீம் என்பதை ட்ரூ ஆக்கி இரண்டு வெளியீட்டையும் ஒன்றாக்குங்கள். கடைசிவரை படித்து முடித்த பிறகே வெயிட்ஃபார் போடுங்கள். வெளியீடே வேண்டாம் என்றால், அதை அப்படியே தூக்கிப்போட ஜாவா 9 முதல் ரீடைரக்ட் டிஸ்கார்ட் இருக்கிறது.

நேர வரம்பு வைப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிப்பதும் வெயிட்ஃபாரும் ஒரே த்ரெடில் இருந்தால் அந்த வரம்புக்கு வேலையே இல்லை. படிக்கும் வரியிலேயே நிரல் மாட்டிக்கொள்ளும். அப்போது வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, நேர வரம்புள்ள வெயிட்ஃபாரைக் கூப்பிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. பிழை வந்தால் படித்துப் பார்க்கக் கோப்பும் கையில் இருக்கும்.

கேள்வி: நேரம் தாண்டினால் ப்ராசஸை நிறுத்த டெஸ்ட்ராய் செய்கிறேன். ஷெல் ஸ்கிரிப்ட் செத்துவிடுகிறது, அது தொடங்கிய வேலை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறதே?

பதில்: டெஸ்ட்ராய் நீங்கள் நேரடியாகத் தொடங்கிய ப்ராசஸை மட்டும்தான் நிறுத்தும். ஜாவா 9இல் வந்த டிசென்டன்ட்ஸ் அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் தரும். வரிசைதான் இங்கே முக்கியம்: முதலில் அவற்றை ஒரு லிஸ்டில் சேகரியுங்கள், அப்புறம் தாயை நிறுத்துங்கள், பிறகு லிஸ்டில் இருப்பவற்றை நிறுத்துங்கள். தாய் செத்தபின் தேடினால் கிடைக்காது. லினக்ஸ் அந்தப் பிள்ளைகளைப் பெரும்பாலும் 1ஆம் எண் ப்ராசஸின் கீழ் மாற்றிவிடும். சில விநாடி பொறுத்தும் சாகாததற்கு மட்டும், கட்டாயமாகக் கொல்லும் டெஸ்ட்ராய்ஃபோர்சிப்ளி போதும். எடுத்த எடுப்பில் அதைப் போட்டால் பாதி எழுதிய கோப்புகள்தான் மிஞ்சும்.

கேள்வி: ப்ராசஸ் முடியும்போது தரும் எக்ஸிட் கோடு 143, 137 என்று வருகிறது. என்ன அர்த்தம்?

பதில்: 128ஐக் கழியுங்கள். 15 என்றால் முடித்துக்கொள்ளச் சொன்ன சிக்னல். லினக்ஸில் டெஸ்ட்ராய் அனுப்புவது அதுதான். 9 என்றால் கட்டாயமாகக் கொன்றது. நீங்கள் கொல்லாமலே 137 வந்தால் முதலில் நினைவகம் தீர்ந்ததா என்று கெர்னல் லாகைப் பாருங்கள்.

கேள்வி: ப்ராசஸைத் தொடங்கும் ஜாவாவின் எக்ஸெக்குக்கு முழுக் கட்டளையையும் ஒரே சரமாகக் கொடுத்தேன். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் உடைகிறது, நட்சத்திரக் குறியும் வேலை செய்யவில்லை.

பதில்: அது சரத்தை இடைவெளியில் வெட்டிவிடும், மேற்கோள்குறியை மதிக்காது. நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது, டெர்மினலில் கட்டளையைப் படித்து ஓடவிடும் ஷெல். இங்கே ஷெல்லே கிடையாது. ஜாவா 18 முதல் அந்த வடிவம் கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டும் விட்டது. ப்ராசஸ்பில்டருக்கு ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகக் கொடுங்கள். பயனர் தந்த பெயரை ஷெல் கட்டளைக்குள் ஒட்டவே ஒட்டாதீர்கள். பெயருக்குள் இன்னொரு கட்டளையை வைத்து அனுப்ப ஒருவர் போதும்.

கேள்வி: ஜாவா நிரல் நின்றாலும் பிள்ளைகள் ஓடுகின்றனவே, தானாகச் சாகாதா?

பதில்: சாகாது. நிரல் முடியும்போது ஓடும் ஷட்டவுன் ஹூக்கில் நிறுத்தலாம், ஆனால் நிரலையே சிக்னல் 9 கொன்றால் ஹூக் ஓடாது. சர்வர் என்றால், லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸாக ஓடவிடுங்கள். சர்வீஸ் நிற்கும்போது அதன் குழுவில் மிஞ்சிய எல்லாவற்றையும் சிஸ்டம்டி தன் இயல்பான அமைப்பிலேயே நிறுத்திவிடும்.